எண்ணூற்று ஐந்து கிலோவாட்

கப்பலில் வரும்போது உங்களுக்குத் தலைசுற்றல் என்று கேள்விப்பட்டேன், மேடம். திரும்பிப் போகும்போது ஒரு துண்டு இஞ்சியைத் தட்டி, இரண்டு கல் உப்போடு வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். கப்பலின் நடுப்பகுதியில் இடம் கேட்டு வாங்குங்கள், முன்பக்கம் ஆட்டம் அதிகம். போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பேயில் இறங்கியதும் உடனே எதுவும் சாப்பிட வேண்டாம். முப்பது வருடமாக இதே கப்பலில் போய்வருகிறவன் சொல்கிறேன்.

நேற்று விசாரணையில் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். இந்தப் பவர் ஹவுஸின் கேபாசிட்டி எவ்வளவு என்பது முதல் கேள்வி. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுத்தது யார் என்பது இரண்டாவது. நான் வாயைத் திறக்காததால் எழுதித் தரச் சொன்னீர்கள். இந்தியிலும் இங்கிலீஷிலும் தடுமாற வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள் என்றும் சொன்னீர்கள். அது உங்கள் நல்ல மனது. முதல் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் இரண்டாவது அவ்வளவு பெரிதாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

என் பெயர் முருகையா. வயது ஐம்பத்து மூன்று. நாரியல் பே பவர் ஹவுஸ் இன்சார்ஜ். என் அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். தோட்டத்து லைன் வீட்டு வரிசையில் எங்கள் வீட்டுக்கு லைட் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அதுவரை மண்ணெண்ணெய் விளக்குதான். இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. லைட் என்றால் எனக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

கேபாசிட்டிக்கு வருகிறேன். ஒரு மெஷினுக்கு மூன்று கேபாசிட்டி உண்டு. முதலாவது, அதன் வயிற்றில் ஆணி அடித்த தகட்டில் இருப்பது. எங்களுடைய நான்கு டீசல் மெஷின்களிலும் இருநூற்றைம்பது கிலோவாட் என்று போட்டிருக்கிறது. அது மெஷின் பிறந்த வீட்டில், குளிர்ந்த சுத்தமான காற்றில் கொடுத்தது. இரண்டாவது, நாரியல் பேயின் வெக்கையிலும் உப்புக் காற்றிலும் அது நிஜமாகவே கொடுப்பது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மெஷின்கள் தலைக்கு இருநூற்றிருபத்தைந்து தரும். நான்காவது படுத்து இரண்டரை வருடமாகிறது. அதன் தண்டு உடைந்துவிட்டது. தகட்டை மட்டும் நான் வாராவாரம் துடைத்து வைக்கிறேன்.

மூன்றாவது கேபாசிட்டிதான் முக்கியமானது. அது ஒப்பந்தத்தில் இருப்பது. மின்துறைக்கும், மெஷின்களை வாடகைக்கு ஓட்டும் எங்கள் கம்பெனிக்கும் போட்ட ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு எனக்கு மனப்பாடம். தீவுக்குள் இருந்து, இயக்குபவரின் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்கள் எல்லாம் சேர்ந்து, மின்துறையின் மீட்டர் இருக்கும் இடத்தில், தொடர்ந்து இரண்டு மணி நேரம் தருவதில் எது மிகக் குறைந்த அளவோ அதுவே கேபாசிட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட். எண்ணூறு கிலோவாட்டுக்கு ஒரு கிலோவாட் குறைந்தாலும் தோல்வி. தொடர்ந்து தோற்றால் ஒப்பந்தம் முறிந்து, கம்பெனி தன் மெஷின்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

என்னிடம் இருந்தது மூன்று இருநூற்றிருபத்தைந்து. அறுநூற்று எழுபத்தைந்து. நீங்களும் உடனே கேட்பீர்கள், அப்படியானால் ஊருக்குக் கரண்ட் பற்றாதா என்று. தாராளமாகப் பற்றும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஓடும்போதுகூட நாரியல் பே கேட்பது ஐந்நூற்று நாற்பதுதான். எண்ணூறை இந்த ஊர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் காகிதம் மட்டும்தான் கேட்டது. ஆகவே காகிதத்துக்கு எண்ணூறு கொடுப்பதில் யாருக்கும் எதுவும் குறையவில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிரிவு நான்கைப் பதினோரு தடவை படித்தேன். மெஷின்கள் தீவுக்குள் இருக்க வேண்டும், என் கட்டுப்பாட்டில் ஓட வேண்டும். யாருடைய மெஷின் என்று எங்கேயும் இல்லை. ஐஸ் ஃபேக்டரியில் அறுபது கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று சும்மா நின்றது. ஆஸ்பத்திரியில் நூறு கிலோவாட் ஒன்று, சக்கரம் வைத்தது, அதுவும் சும்மா நின்றது. இரண்டையும் சேர்த்தால் எண்ணூற்று முப்பத்தைந்து.

ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்காக டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பவர் ஹவுஸ் செலவில் சர்வீஸ் செய்து தருகிறோம், புதன்கிழமை எடுத்து வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடுகிறோம் என்று. டாக்டர் சந்தோஷப்பட்டு நன்றிக் கடிதம் அனுப்பினார், ஃபைலில் இருக்கிறது. அது பொய்க் கடிதம் இல்லை, மேடம். உண்மையாகவே சர்வீஸ் செய்தோம். எண்ணெய் மாற்றினோம், ஃபில்டர் மாற்றினோம், துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தோம். நாங்கள் கை வைப்பதற்கு முன்னால் அதை ஸ்டார்ட் செய்ய அரை மணி நேரமாகும். பிறகு ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். நடுவில் இரண்டு மணி நேரம் அதை எங்கள் மெஷின்களோடு சேர்த்து ஓட்டினேன் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை.

அடுத்தது லோடு. மெஷின்கள் எண்ணூறு கொடுப்பதை மீட்டர் காட்ட வேண்டுமென்றால் எண்ணூறைச் சாப்பிட ஆள் வேண்டும். காலை பத்து மணிக்கு இந்த ஊரில் முந்நூறுக்கு மேல் போகாது. அதனால் ஊரையே கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் மைக்கில் பங்குத்தந்தை சொல்வார். மாரியம்மன் கோவில் மைக்கிலும் சொல்வார்கள். வியாழக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டுவரை எல்லாரும் எல்லாவற்றையும் போடுங்கள். இதற்கு டெஸ்ட் நாள் என்றே பெயர் வந்துவிட்டது. பெண்கள் இஸ்திரித் துணிகளை அந்த நாளுக்கென்று சேர்த்து வைப்பார்கள். லைன் வீட்டு ஒச்சம்மா தன் வரிசைக்கே சேர்த்து மாவு அரைப்பாள். பம்பெல்லாம் ஓடும், பள்ளிக்கூடத்து ஃபேனெல்லாம் சுற்றும், பட்டப்பகலில் தெருவிளக்கு எரியும். மாதாவுக்குத் திருவிழாவில் போடும் சீரியல் பல்புகள்கூட மினுக்கும். ஆஸ்பத்திரியும் சேர்ந்துகொள்ளும். கருவிகளை வேகவைக்கும் மெஷின், வெந்நீர் ஹீட்டர், நான்கு ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். இந்த ஊரில் பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசி, தமிழ் என்று எல்லாரும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான். எட்டு டெஸ்ட் அப்படி நடந்தது. எட்டிலும் பாஸ்.

இனி செபஸ்தியானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் என் ஷிஃப்ட் ஆபரேட்டர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரக் குடும்பம், அவன் அப்பா படகுத் தச்சராக இங்கே வந்தவர். ஐந்து மெஷின்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும்போது, ஒவ்வொன்றும் எவ்வளவு சுமக்க வேண்டும் என்று கையால் திருகித் திருகிப் பங்கு போட வேண்டும். ஒன்று கொஞ்சம் சோர்ந்தால் மற்றது மூச்சு முட்டி நின்றுவிடும், அதோடு எல்லாம் போய்விடும். கிழட்டு மெஷின் மூன்று, இரவல் மெஷின் இரண்டு. அவற்றைச் சண்டையில்லாமல் ஓட்ட நாரியல் பேயில் ஒரே ஆள் அவன்தான். சத்தத்தை வைத்தே எது என்ன நினைக்கிறது என்று சொல்லிவிடுவான். எனக்குத் தம்பி கிடையாது. அவனைத் தம்பியாகத்தான் வைத்திருந்தேன். இதைப் படித்து நீங்கள் சிரிக்கக்கூடும், ஆனாலும் அது உண்மை.

அவன் மனைவி செலின் தையல் தைப்பவள். டெஸ்ட் நாளில் பவர் ஹவுஸ் ஆட்கள் எல்லாருடைய காக்கிச் சட்டையையும் வாங்கி இஸ்திரி போட்டு அனுப்புவாள். என் சட்டையில் பொத்தான் இல்லையென்றால் கேட்காமலே வைத்துத் தைத்திருப்பாள். போன வருடம் ஜூலையில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று இருந்தது, கரண்டில் ஓடுவது. அதைப் போட்டு ஒரு வாரத்தில் தேறிக்கொண்டு வந்தாள், ஆனாலும் அந்த மெஷின் இல்லாமல் இன்னும் முடியாது. இன்னும் மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடல் மோசமாக இருந்து சரக்குப் படகு ஓடாததால் போர்ட் பிளேர் ஹேடோ துறைமுகத்திலிருந்து வர வேண்டிய ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தது ஒன்று, அதுவும் பாதி. இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

செபஸ்தியான் லீவில் இருந்தான். செவ்வாய்க்கிழமை நான் வார்டுக்கே போய்ப் பேசினேன். இரண்டு நாள் வந்துவிட்டுப் போ என்றேன். அவன் செலினைப் பார்த்தான். அவள் மூக்கில் குழாயோடு, "போயிட்டு வாங்க. அண்ணன் வந்து கேக்காக இல்லா," என்றாள்.

புதன்கிழமை ஜெனரேட்டரை எடுக்க டிராக்டரோடு போனோம். கொக்கியை மாட்டப் போனவன் நின்றுவிட்டான்.

"அண்ணே, செலின் உள்ள கெடக்கா. இந்தத் தடவ மட்டும் இத எடுக்க வேண்டாம்ணே."

"செபா, டெஸ்ட் அன்னைக்கு நம்ம மெஷின் அத்தனையும் ஓடுது. வருசத்துல லைட் போகவே போகாத ரெண்டு மணி நேரம் அதுதான். நீயே சொல்லு, பக்காவா இல்லையா?"

அவன் யோசித்தான். "அது சரிதாம்ணே. எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

"சொல்லியாச்சு," என்றேன். டாக்டரிடம் சொன்னது சர்வீஸ் என்றுதான். அவரும் தயங்கினார், பேஷன்ட் இருக்கிறாளே என்று. அவரிடமும் இதே பதிலைச் சொன்னேன். நான் சொன்னதில் தவறு இல்லை, மேடம். மெஷின்கள் அன்றைக்கு ஒரு நொடிகூட நிற்கவில்லை. செபஸ்தியான் தன் கையாலேயே கொக்கியை மாட்டினான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டெஸ்ட் ஆரம்பித்தது. போர்ட் பிளேரிலிருந்து மின்துறை சாட்சியாக வந்தவர் பிஸ்வாஸ் சார். நல்ல மனிதர், சாதுவானவர். ஆபீஸ் அறையில் மீட்டர் முன்னால் உட்கார்ந்து கால் மணிக்கு ஒரு தரம் எழுதிக்கொண்டிருந்தார். செபஸ்தியான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ஜின் ஹாலில். மீட்டர் எண்ணூற்று முப்பத்தொன்றில் நின்றது. பதினொன்று பதினெட்டுக்கு அது சட்டென்று எண்ணூற்று ஐந்துக்கு இறங்கியது.

இருபத்தாறு கிலோவாட். ஒரு வீடு இரண்டு வீடு அணைத்தால் அவ்வளவு இறங்காது. அவ்வளவு சாப்பிடும் இடங்களை இந்த ஊரில் விரல் விட்டு எண்ணலாம். நான் ஐஸ் ஃபேக்டரிக்குப் போன் செய்து இரண்டாவது கம்ப்ரஸரைப் போடச் சொன்னேன். எண்ணூற்று முப்பதுக்கு ஏறியது. பிஸ்வாஸ் சார் எண்ணூற்று ஐந்தைக் குறித்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் மிகக் குறைந்த அளவு அதுதான். ஒப்பந்தப்படி மிகக் குறைந்ததுதான் கேபாசிட்டி. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், எண்ணூற்று ஐந்து.

ஆஸ்பத்திரிக்குப் பிரியும் கம்பத்தில் இணைப்புக் கம்பி எரிந்து அறுந்திருந்தது. அந்த லைன் முப்பது வருடப் பழசு. அவ்வளவு லோடை ஒரே நேரத்தில் அது பார்த்ததில்லை. லோடைப் போடச் சொன்னது நான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பி எங்கே பலவீனம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊரெல்லாம் பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை. அவர்களுடைய ஜெனரேட்டர் என் முற்றத்தில் ஓடி ஒச்சம்மாவின் கிரைண்டருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது.

செலின் பன்னிரண்டு நாற்பதுக்கு இறந்தாள்.

முதல் விசாரணை நான்கு நாளில் முடிந்தது. லைன் பழுது, எதிர்பாராதது. ஜெனரேட்டர் சர்வீஸில் இருந்தது, துரதிருஷ்டம். போன் எதுவும் வரவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஜெனரேட்டரை யார் எடுத்தது என்று கேட்டபோது செபஸ்தியான், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், என் கையால்தான் மாட்டினேன் என்றான். அதை எழுதித் தரச் சொன்னார்கள். அவனுக்கு எழுதுவது சிரமம். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினான். இன்சார்ஜிடம் அனுமதி பெறாமல் என்ற மூன்று வார்த்தை வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்படி எழுதினால்தான் விஷயம் இதோடு முடியும் என்றேன். எழுதிவிட்டான். எட்டு மாதமாகச் சஸ்பென்ஷனில் இருக்கிறான். இந்த விசாரணையில் அவன் மேல் வழக்குப் போடப்போகிறார்கள் என்று நேற்று உங்கள் வாயால் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வீட்டுக்குப் போகிறேன். மகள் பிரவீனா போர்ட் பிளேரில் படிக்கிறாள், அவன் தனியாகத்தான் இருக்கிறான். அவனைச் சாப்பிட வைத்துவிட்டு வருவேன். "நாந்தாம்ணே அவளக் கொன்னேன்," என்று சொல்வான். உன் மேல் தப்பே இல்லை என்று சொல்வேன். என்னைப் போல அவனுக்கு ஆறுதல் சொல்ல இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. பாவம், மெலிந்துபோய்விட்டான்.

இனி இரண்டாவது கேள்வி. நீங்கள் என் முன்னால் வைத்த ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரை நர்ஸ் டயானா எழுதியிருக்கிறாள். நேரம் சரியாகவே இருக்கிறது.

பதினொன்று இருபத்தைந்துக்கு முதல் போன். பவர் ஹவுஸ் ஆபீஸ் லேண்ட்லைன். எடுத்தது நான்.

"அண்ணா, இங்க கரண்ட் பந்த் ஆயிருச்சு. ஆக்ஸிஜன் மெஷின் நின்னுபோச்சு. செலின் அக்காவுக்கு அந்த அரை சிலிண்டரப் போட்டிருக்கோம். முக்கா மணி நேரம் வரும்னு டாக்டர் சொல்றாரு."

"ஆள் அனுப்புறேன்மா," என்றேன்.

அனுப்பினேன். லைன்மேன் நாகராஜ் பதினொன்று நாற்பதுக்கு அந்தக் கம்பத்தடியில் நின்றான். பத்து நிமிட வேலைதான், ஆனால் அந்தப் பக்கம் முழுவதற்கும் கரண்ட் போகும் ஃபீடரை நான் அணைக்க வேண்டும். அணைத்தால் நூற்றைம்பது கிலோவாட் போய்விடும், டெஸ்ட் அங்கேயே முடியும். ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்பினாலும் அதே கதை. நான் கணக்குப் போட்டேன். சிலிண்டர் பன்னிரண்டு பத்துவரை தாங்கும். டெஸ்ட் பன்னிரண்டுக்கு முடியும். பன்னிரண்டு ஒன்றுக்கு லைனை அணைத்தால் பன்னிரண்டு பதினொன்றுக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட். ஒரு நிமிடம் இடிக்கிறது, அதை அவர்கள் கையால் பலூனை அமுக்கிச் சமாளிக்கலாம். நீங்களும் போட்டுப் பாருங்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நாகராஜிடம், பன்னிரண்டுவரை கம்பத்தடியிலேயே இரு என்றேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு இரண்டாவது போன். அதையும் எடுத்தது நான்.

"அண்ணா, அக்காவுக்கு மூச்சு வாங்குது, ஃப்ளோ கூட்டிருக்கோம். சிலிண்டர் முள்ளு செகப்புக்கு வந்திருச்சு. பத்து நிமிஷம்கூட வராது. செபஸ்தியான் அண்ணனக் கூப்பிடுங்க, ஜல்தி."

"வந்துட்டிருக்கோம்," என்றேன்.

செபஸ்தியான் அந்த நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான். இரண்டாம் மெஷின் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது, அவன் அதைத் தாஜா செய்துகொண்டிருந்தான். நான் போனை வைப்பதைப் பார்த்தான். கதவைக் கொஞ்சம் திறந்து தலையை நீட்டினான்.

"யாருண்ணே?"

"ஐஸ் ஃபேக்டரி," என்றேன். "எட்டு நிமிசம்தான், விட்டுறாத."

அவன் கட்டை விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனான். நான் சொல்லியிருந்தால் அவன் கையை எடுத்துவிட்டு ஓடியிருப்பான். ஐந்து மெஷினும் நின்றிருக்கும். ஊர் முழுதும் இருட்டாகியிருக்கும் என்று எழுத வந்தேன், பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர் எப்படி இருட்டாகும்? இஸ்திரிப் பெட்டிகள் நின்றிருக்கும். அவ்வளவுதான்.

நேற்று ஒப்பந்தத்தை என்னிடம் காட்டி, ஒரு முறை தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பதில் தெரிந்தேதான் கேட்டீர்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். இரண்டாவது முறையும் தோற்றால்தான் முறியும். அதற்கும் முன்னால் ஏழாவது பிரிவு இருக்கிறது. மெஷின் பழசாகிவிட்டது, இனி அறுநூற்று எழுபத்தைந்துதான் தரும் என்று முப்பது நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத்தில் எண்ணையே குறைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்கு வாடகை குறையும், என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார்கள், வேறு தீவுக்கு மாற்றுவார்கள். ஊருக்கு எப்போதும்போல லைட் இருக்கும். நான்காவது பிரிவைப் படித்தது போலவே ஏழாவது பிரிவையும் படித்திருக்கிறேன். எட்டு டெஸ்ட் பாஸ் செய்த இன்சார்ஜ் என்று தலைமை அலுவலகத்தில் என் போட்டோ மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை எழுத மனம் வரவில்லை.

இதுவரை எழுதியது உங்கள் ரெஜிஸ்டரில் இருப்பது. இதற்குப் பிறகு நடந்தது எதிலும் இல்லை. செபஸ்தியானுக்கும் தெரியாது. நேற்று மத்தியானம் அவன் உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். செலின் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான், அது இப்போது அவனுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

டெஸ்ட் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. பிஸ்வாஸ் சார் கடைசி எண்ணைக் குறித்துவிட்டுப் பேனாவை மூடினார். எண்ணூற்று ஐந்து, பாஸ். அந்த நிமிடம் ஃபீடரை அணைத்திருக்கலாம். ஸ்விட்ச் என் நாற்காலியிலிருந்து நான்கு அடி. நாகராஜ் கம்பத்தில் ஏறித் தயாராக இருந்தான்.

நான் அணைக்கவில்லை. அணைத்தால் சார், ஏன் என்று கேட்பார். ஆஸ்பத்திரி லைன் என்று சொல்ல வேண்டும். அப்படியானால் அவர்கள் ஜெனரேட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பார். அது ஜன்னலுக்கு வெளியே இருபது அடியில், ஆஸ்பத்திரி என்று எழுதின பச்சைப் பெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போடுகிறேன் என்றார். இரண்டு மணிக்கு அவருக்குக் கப்பல். அவர் போகும்வரை எல்லாம் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று நினைத்தேன். செபஸ்தியானுக்குச் சைகை காட்டினேன், அப்படியே ஓட்டு என்று. ஏன் என்று அவன் கேட்கவில்லை.

பிஸ்வாஸ் சாருக்கு மீன் பிடிக்கும் என்று காலையிலேயே சுரமை வாங்கி வறுக்கச் சொல்லியிருந்தேன். என் மேசையிலேயே இலை போட்டேன். லேண்ட்லைன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன், சாப்பிடும்போது தொந்தரவு வேண்டாமென்று. அதனால்தான் மூன்றாவது போன் கிடைக்கவில்லை என்று டயானா எழுதியிருக்கிறாள்.

என்ஜின் ஹாலில் மொபைல் கூடாது என்பது விதி. செபஸ்தியானின் மொபைல் என் மேசை டிராயரில் இருந்தது. பன்னிரண்டு எட்டுக்கு அது அடித்தது. டிராயரைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். செலின் என்று தமிழில் பெயர் வந்தது. டயானாதான் அவள் போனிலிருந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டயானா அந்த நேரத்தில் இரண்டு கையாலும் பலூனை அமுக்கிச் செலினுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்றும், டாக்டர் வாசலில் எங்கள் வண்டிக்காகக் காத்து நின்றார் என்றும், வார்டில் வேறு யாரும் இல்லை என்றும் நேற்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள்.

அப்படியானால் கூப்பிட்டது செலின்தான்.

அடித்து நின்றது. டிராயரை மூடினேன். மறுபடியும் அடித்தது. பிஸ்வாஸ் சார் இலையிலிருந்து நிமிர்ந்து, யாருடைய போன் என்று இந்தியில் கேட்டார். யாருடையதும் இல்லை சார், அலாரம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மீன் நன்றாக இருக்கிறது என்றார். நான் அவருக்கு இன்னொரு துண்டு வைத்தேன்.